இடது காலில் இருந்தவர்

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பெரிய றகரம் எங்கே, சின்ன ரகரம் எங்கே என்பது இன்னும் பிடிபடவில்லை. மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். அவளைப் பற்றியும் இதில் வருவதால் அவளிடம் கொடுக்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா சந்தையில் நாம் ஒரே மேசையைச் சுற்றி உட்காருகிறோம். ஜப்பான்காரன் காலத்தில் பட்டதை நீங்கள் ஒவ்வொருவராகச் சொல்வீர்கள். என் முறை வரும்போது நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். "இவனுக்கு அப்ப விவரம் தெரியாத வயசு" என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்வீர்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. விவரம் தெரியும். என்னிடம் ஒரு கதைதான் இருந்தது, அதை வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

இதில் வருகிற என் அண்ணனை உங்களுக்குத் தெரியும். சிராங்கூன் சாலைக் கோயில் வாசல் வரைக்கும் வந்து, உள்ளே வராமல், வெளியே நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போகிற மனிதர். "சாமியோட சண்டையா?" என்று நீங்கள் கேலி செய்வீர்கள். இதைப் படித்த பிறகு அப்படிக் கேட்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ஜப்பான்காரன் ஊருக்குள் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன் அங்கே குண்டு விழுந்தது. கூட வேலை பார்த்த நாலு பேர் அவரைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்கு மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது. அதை விலக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, காலை மட்டும் காட்டினார்கள். அம்மா உட்கார்ந்து இடது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கட்டைவிரலால் உள்பக்கம், கணுக்காலுக்குக் கொஞ்சம் கீழே தடவிப் பார்த்தாள். "அவருதான்" என்றாள். அழவில்லை. பாதத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அன்றே சுடுகாட்டில் எரித்தோம். மறுநாள் காடாற்று. எலும்பு பொறுக்கும் சடங்கு உங்களுக்குத் தெரியும்தானே. எங்கள் தெருவில் முடி வெட்டுகிறவர்தான் சாவுக் காரியங்களை முன்னால் நின்று நடத்துவார். கட்டி வந்தால் கீறிவிடுவதும் அவர்தான். பசும்பால் கிடைக்கவில்லை. டின் பாலில் தண்ணீர் கலந்து சாம்பல் மேல் தெளித்தார். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயது, மொட்டைத் தலை. புதுப் பானை என் கையில்.

"கால்ல ஆரம்பிச்சுத் தலையில முடிக்கணும். அவசரப்படாத, தம்பி" என்றார் முடிவெட்டுகிறவர்.

அண்ணன் குச்சியால் கிளறி, ஒவ்வொன்றாக எடுத்துப் பானையில் போட்டான். பாதத்து எலும்புகளை முடித்திருப்பான். அபாயச் சங்கு ஊதியது. எல்லாரும் ஓடிப்போய் பக்கத்துக் கால்வாயில் குப்புறப் படுத்தோம். நான் பானையைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். அப்போது ஒரு எலும்பு வெளியே உருண்டது. புளியங்கொட்டை அளவு. சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. கால்வாய் விளிம்பில், ஒரு கருங்கல்லுக்குப் பக்கத்தில், என் முகத்துக்கு நேராகக் கிடந்தது.

எடுத்துப் போட்டிருக்கலாம். கை வரவில்லை. விமானம் தலைக்கு மேல் போகும் சத்தம். கீழே சிந்தினால் அடிப்பார்கள் என்ற பயமா, அதைத் தொடுகிற பயமா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு கை மண்ணை அள்ளி அதன் மேல் போட்டேன். யாரும் பார்க்கவில்லை. பானையை அண்ணன் கடலில் விட்டான்.

அதற்கப்புறம் ஊர் மாறியது உங்களுக்கும் தெரியும். பாதிக் கடைகள் பலகை போட்டு மூடியிருந்தன. உங்களில் யாராவது ஞாபகம் வைத்திருப்பீர்கள், கடிகாரத்தைக்கூட மாற்றினார்கள். தோக்கியோவில் என்ன மணியோ அதுதான் இங்கேயும். ஒன்றரை மணி நேரத்தை ஒரே நாளில் முன்னால் தள்ளிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு மணி அடிக்கும். வெளியே வந்து பார்த்தால் கொடிக்கம்பத்தின் நிழல் இன்னும் நீளமாகச் சாய்ந்து கிடக்கும். மணியும் நிழலும் வெவ்வேறு ஊரில் இருப்பது மாதிரி.

பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியாரே போன வாரம் கற்றுக்கொண்ட ஜப்பான் மொழியை இந்த வாரம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். காலையில் வரிசையில் நின்று இச்சி, நீ, சான், சி என்று எண்ணிக்கொண்டு உடற்பயிற்சி. அதன் பிறகு ஓட்டம். பாடத்தைவிட ஓட்டம்தான் அவர்களுக்குப் பெரிது. அண்ணன் ஓடுவதை அங்கேதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன். வெறுங்காலில் ஓடுவான். தரையில் பாதம் படுகிற சத்தமே கேட்காது. பக்கத்தில் ஓடுகிறவர்கள் மூச்சு வாங்குவதுதான் கேட்கும்.

ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்து ஒரு சின்னப் பை அரிசி கொண்டுவந்தான். வெள்ளை அரிசி. மரவள்ளிக்கிழங்கையே மூன்று வேளையும் தின்று நாக்கு மரத்துப்போன நேரம். அம்மா அதை உப்பு மட்டும் போட்டு வடித்துக் கொடுத்தாள். சோறு வேகிற வாசனைக்கு அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. அம்மா அவர்களுக்கும் ஒரு சிரட்டை கொடுத்தாள்.

"உன் கால்லதான்டா நம்ம வீட்டு அடுப்பு எரியுது" என்றாள்.

இரண்டு மாதம் போயிருக்கும். அண்ணன் நொண்ட ஆரம்பித்தான். முள் குத்தியிருக்கும் என்று அம்மா நல்லெண்ணெய் தேடினாள், கிடைக்கவில்லை, தேங்காய் எண்ணெய் தடவினாள். தடவின கை நின்றுவிட்டது. இடது பாதம், உள்பக்கம், கணுக்காலுக்குக் கொஞ்சம் கீழே. முன்பு இல்லாத ஒரு மேடு. புளியங்கொட்டை அளவு.

அம்மா அதன் மேல் கட்டைவிரலை வைத்தபடியே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அண்ணனின் முகத்தைப் பார்க்காமல், பாதத்தைப் பார்த்து, மெதுவாக, "என்னங்க" என்றாள்.

அம்மா அப்பாவைக் கூப்பிடுகிற குரல் அது. அந்தக் குரலை நாங்கள் பல மாதமாகக் கேட்கவில்லை. அண்ணன் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். அம்மா விடவில்லை.

"அப்பாவுக்கும் இங்கதான்டா இருந்துச்சு. இதே எடத்துல. இருவது வருசம் அந்தக் காலைப் பிடிச்சு விட்டவடா நான்."

முடிவெட்டுகிறவர் வந்து பார்த்தார். விரலால் தட்டிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்கே நான் கவனிச்சேன்மா. இடது கால்ல ஒண்ணு குறைஞ்சுது. சங்கு ஊதுன அவசரத்துல சொல்ல முடியல. கரையாம நின்ன எலும்பு மூத்த பிள்ளை மேலதான் ஏறும்."

அவர் உண்மையிலேயே கவனித்தாரோ, வாய்க்கு வந்ததைச் சொன்னாரோ. கதவு ஓரத்தில் நின்ற எனக்குக் காதுக்குள் விமானச் சத்தம் கேட்டது. அந்த எலும்பை மண் போட்டு மூடியவன் நான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாங்கள் மூன்று பேர் இல்லை, நாலு பேர். அம்மா பழைய டயரில் ஒரு செருப்பு வெட்டித் தைத்தாள். இடது காலுக்கு மட்டும். "அப்பாவை மண்ணுல வச்சு மிதிக்காதடா" என்றாள். வீட்டுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும். அண்ணன் நடந்தால் ஒரு சத்தம், ஒரு மௌனம், ஒரு சத்தம், ஒரு மௌனம். பின்னால் இரண்டு பேர் நடந்து வருவது மாதிரி இருக்கும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

சாயங்காலத்தில் அம்மா அவன் காலை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டுக் கட்டைவிரலால் மேட்டை அழுத்துவாள். பாதம் வெடுக்கென்று அசைந்தால் ஆமாம். அசையவில்லை என்றால் இல்லை.

"மண்ணெண்ணெய் வரிசைக்கு நாளைக்குப் போகட்டுங்களா?"

பாதம் அசையும்.

"சின்னவனுக்குக் காய்ச்சல் தணியுமா?"

அசையும்.

அப்பா உயிரோடு இருந்தபோது அம்மா அவரிடம் இவ்வளவு கேட்டதில்லை. பேசும்போது அவள் முகம் நன்றாக இருக்கும். அதுதான் எனக்குப் பெரிய பயம். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பான்; தன் கால் தன்னுடையது இல்லை என்பது மாதிரி.

வலி குறையவில்லை. பள்ளிக்கூடத்தில் ஓடாமல் இருக்க முடியாது. வீட்டுத் தெரு முனையில் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு அவன் வரிசைக்குப் போவான். நான் அந்த ஒற்றைச் செருப்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நிற்பேன். அது சூடாக இருக்கும்.

முடிவெட்டுகிறவர் ஒரு பரிகாரம் சொன்னார். உச்சிப் பொழுதில் ஆற்றங்கரையில் அப்பாவுக்குப் பிண்டம் வைத்து, ஓர் எலும்பு செய்து காலில் கட்டி, அவிழ்த்துத் தண்ணீரில் விட வேண்டும். அரிசி மாவு ஏது? அம்மா மரவள்ளி மாவில் எலும்பு பிடித்தாள். ரோச்சோர் ஆற்றங்கரைக்குப் போனோம். பள்ளிக்கூட மணி பன்னிரண்டு அடிப்பது அங்கே வரை கேட்கும். அது அடித்ததும் அவர் "ம்" என்றார். அண்ணன் காலை நீட்டினான். மாவெலும்பைக் கட்டி, அவிழ்த்து, விட்டார்கள். அது மூழ்கவில்லை. கரையோரமாகவே ஒதுங்கி ஒதுங்கி எங்கள் பக்கமே வந்தது.

அப்போதுதான் அம்மா தரையைப் பார்த்தாள். எங்கள் நாலு பேர் நிழலும் ஆற்றுக்குள் நீண்டு கிடந்தது.

"இது உச்சி இல்லைங்க" என்றாள். "இது ஜப்பான்காரன் உச்சி."

செத்தவருக்கு எந்த மணி தெரியும் என்று முடிவெட்டுகிறவருக்கும் விளங்கவில்லை. சூரியன் தலைக்கு மேல் வரும்வரை காத்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரு தடவை வைத்த பிண்டத்தை மறுபடி வைக்கக்கூடாது.

அதற்குப் பிறகுதான் வாத்தியார் வீட்டுக்கு வந்தார். ஃபேரர் பார்க் திடலில் பெரிய பந்தயம், பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், எல்லாப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் ஓட வேண்டும்.

"அவனுக்குக் கால் முடியல வாத்தியாரே" என்றாள் அம்மா.

"பேரு குடுத்தாச்சுமா. வரலன்னா என்னையில்ல கூப்பிட்டுக் கேப்பான்." வாத்தியார் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். போன மாதம் அந்தக் கன்னத்தில் எல்லார் முன்னாலும் ஓர் அறை விழுந்ததை நாங்கள் பார்த்திருந்தோம். "ஒரே ஒரு ஓட்டம்லா. ஓடி முடிச்சுட்டுப் படுத்துக்கட்டும்."

அவர் போனதும் முடிவெட்டுகிறவரைக் கூப்பிட்டு அம்மா கேட்டாள். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். மாவெலும்பு எடுபடவில்லை. உண்மை எலும்பையே எடுத்துவிடலாம். சின்ன எலும்பு, தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. ஒரு கீறல். கள்ளுத் தண்ணி கொஞ்சம் கொடுத்தால் வலி தெரியாது.

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"எடுத்துடுங்க. நான் ஓடணும்."

மறுநாள் காலையிலேயே அவர் வந்துவிட்டார். கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிற சத்தம். முடி வெட்டும்போது கேட்ட அதே சத்தம்தான். ஆனால் அது அன்று நிற்கவேயில்லை. அண்ணன் பலகையில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தான். கள்ளு அவன் உதட்டோரத்தில் வழிந்தது. அம்மா அவன் பின்னால் உட்கார்ந்து அவன் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவர் பாதத்தைத் துடைத்தார்.

"அது அங்க இல்ல" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. எனக்கே கேட்டிருக்காது. மறுபடி சொன்னேன். "அப்பா எலும்பு அங்க இல்லம்மா. சுடுகாட்டுல இருக்கு. நான்தான் மண்ணுல போட்டேன்."

கத்தி நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். சங்கு, கால்வாய், கருங்கல். அம்மா அடிக்கவில்லை. எழுந்து வந்து என் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள், மண் இன்னும் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது போல. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாடா. எடத்தைக் காட்டு."

"பொம்பளைங்க அங்க போகக்கூடாதும்மா" என்றார் முடிவெட்டுகிறவர்.

"அவரு வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்திருக்காரு. நான் அங்க போனா என்ன?" என்றாள்.

சிராங்கூன் சாலையின் மேல்கோடி வரைக்கும் நடந்தோம். வழியில் ஒரு வண்டியும் போகவில்லை. சுடுகாட்டில் புல் என் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. அங்கங்கே புது மண்மேடுகள். பெயர் இல்லை, குச்சிகூட நடவில்லை. நாங்கள் எரித்தது ஒருவரைத்தான். அதற்குப் பிறகு எத்தனை பேரை எங்கே போட்டார்களோ. ஒரு பறவைச் சத்தம் இல்லை. என் காலடியைப் பார்த்தேன். நிழல் பாதத்துக்குள் ஒடுங்கியிருந்தது. அதுதான் உண்மையான உச்சி. யாரும் மணி அடிக்கவில்லை.

கருங்கல் இருந்தது. அம்மா உட்கார்ந்து கையாலேயே தோண்டினாள். முதலில் வேர். பிறகு ஓட்டுச் சில்லு. மூன்றாவது முறை கையை எடுத்தபோது உள்ளங்கையில் அது இருந்தது. வெள்ளையாக இல்லை, தேயிலை நிறம். புளியங்கொட்டை அளவு. நான் எதிர்பார்த்து வந்தது அதைத்தான். மேலேயே, எங்களுக்காகக் காத்திருந்தது மாதிரி கிடைத்தது.

அம்மா கட்டைவிரலால் அதைத் தடவினாள். "அவருதான்" என்றாள். தள்ளுவண்டி வந்த அன்று சொன்ன அதே குரல்.

பிறகு தரையைப் பார்த்துச் சொன்னாள்: "எம்புள்ள காலை விட்டுடுங்க. அவன் இனிமே ஓட மாட்டான். இது சத்தியம்."

திரும்பி வரும்போது ஆற்றில் தண்ணீர் கடல் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா முழங்கால் வரை இறங்கி எலும்பை அதில் விட்டாள். அது ஒதுங்கவில்லை. உடனே போய்விட்டது.

பந்தயத்து நாளில் வாத்தியார் ஓர் ஆளோடு வந்தார். அந்த ஆள் சீருடை போட்டிருந்தான். அண்ணன் படுத்திருந்தான். இடது பாதம் முழுக்கத் துணி சுற்றி, துணி முழுக்கச் சிவப்பாக நனைந்திருந்தது. பாயிலும் சிவப்பு. அம்மா கும்பிட்டு, வெட்டுகிற மாதிரி சைகை காட்டினாள். சீருடைக்காரன் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே போனான். வாத்தியார் மட்டும் கொஞ்சம் குனிந்தார். மஞ்சள் வாசனை அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. கல்யாண வீட்டு ஆரத்திக்குக் கரைக்கிற அதே மஞ்சளும் சுண்ணாம்பும்தான். அவர் அம்மாவைப் பார்த்தார். "நல்லா ரத்தம் போயிருக்கு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

அந்தக் கட்டை அம்மா ஒன்றரை மாதம் அவிழ்க்கவில்லை. யாராவது வந்து பார்ப்பார்கள் என்று பயம். அண்ணன் படுத்தே கிடந்தான். கட்டை அவிழ்த்த அன்று அம்மா அவன் காலை மடியில் வைத்துக்கொண்டாள். மேட்டை அழுத்தினாள். பாதம் அசையவில்லை.

"என்னங்க" என்றாள்.

அசையவில்லை. இன்னும் பலமாக அழுத்தினாள். "வலிக்குதாடா?"

"இல்லம்மா."

வலி போய்விட்டது. அவ்வளவு நாள் வேண்டியதும் அதுதானே. ஆனால் அன்றுதான், அப்பா செத்த பிறகு முதல்முறையாக, அம்மா அழுதாள். அந்தக் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வெளியே போய் நின்றேன். அவளிடமிருந்து அவரை இரண்டாம் தடவை எடுத்தவன் நான்தான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அண்ணன் அதற்குப் பிறகு ஓடவில்லை. வேலைக்கு நேரமானால்கூட நடந்தே போவார். பஸ் புறப்பட்டால் அடுத்த பஸ். (சின்ன வயதில் அவன் என்று எழுதினேன். இனி அவர்.) அம்மா காலமாகிப் பல வருடம் ஆகியும் அந்தச் சத்தியத்தை அவர் மீறவில்லை. நானும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இப்போது என் மகளின் கதை. அவளுக்குப் பதின்மூன்று வயது. பள்ளிக்கூடத்துக்காக ஓடுகிறாள். இதை நான் அண்ணனிடம் மறைத்து வைத்திருந்தேன். போன வருடம் அவள் நொண்டிக்கொண்டு வந்தாள். "ஷூ கடிக்குதுப்பா" என்றாள். காலுறையைக் கழற்றினாள். இடது பாதம். உள்பக்கம். எனக்குத் தொட்டுப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. "இனி ஓட வேண்டாம்" என்றேன். ஏன் என்று கேட்டாள். ஷூவை எடுத்து அலமாரி மேலே வைத்துவிட்டேன். ஒரு வாரம் என்னோடு அவள் பேசவில்லை. கடைசியில் வீட்டுக்காரி திட்டித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் ஒரு சீனப் பெண். எக்ஸ்ரே படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பேனா முனையால் காட்டினார். எலும்புகளுக்குப் பக்கத்தில், தனியாக, ஒட்டாமல், ஒரு சின்ன உருண்டை. அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல மகள் திருப்பிச் சொன்னாள்.

"எக்ஸ்ட்ரா எலும்பாம்லா, அப்பா. பொறக்கும்போதே இருக்குமாம். நிறைய பேருக்கு இருக்கு, தெரியாமலே இருப்பாங்களாம். வளர்ற வயசுல ரொம்ப ஓடுனா அந்த இடத்துல இழுத்து வலிக்குமாம். வெளியில மேடு தெரியறதும் அப்பதானாம்."

"எடுத்துருவாங்களா?"

"சே, வேணாமாம். கொஞ்ச வாரம் ரெஸ்ட். ஷூவுக்குள்ள ஒரு மெத்தை மாதிரி வைக்கணும். அப்புறம் ஓடலாம்." டாக்டர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மகள் சிரித்தாள். "குடும்பத்துல வர்றதாம். அப்பாகிட்டேருந்து வந்திருக்கலாம்னு சொல்றாங்க. உங்க காலைக் காட்டுங்க."

எனக்குக் கூச்சம். காலணியைக் கழற்றினேன். டாக்டர் என் இடது பாதத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். தலையை ஆட்டினார். பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். இருந்தது. சின்னதாக, வலியே இல்லாமல். நாற்பத்தேழு வருடம் அதன் மேல்தான் நான் நடந்திருக்கிறேன்.

அன்று சாயங்காலமே எக்ஸ்ரே படத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஃபேரர் பார்க் திடலைப் பார்த்த ஜன்னல் அவருக்கு. வீட்டுக்குள்ளும் இடது காலில் செருப்பு. மகள் ஓடுவதிலிருந்து டாக்டர் சொன்னது வரை எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப அம்மா சொன்னது சரிதான்" என்றார். "அப்பாவோடதுதான்."

"அண்ணே, நான் அன்னைக்கு வாயைத் திறக்காம இருந்திருந்தா..."

"அறுத்திருப்பான். நொண்டியாயிருப்பேன்." படத்தைக் கீழே வைத்தார். "வாயைத் திறந்ததால ஓடாமப் போச்சு. ரெண்டையும் கூட்டிக் கழிச்சு எத்தனையோ நாள் பாத்துட்டேன்டா. விடு."

பிறகு அவர் சொன்னார்: "உனக்கு ஒண்ணு தெரியாது. அம்மா கேள்வி கேப்பாங்கல்ல. பாதியை நான்தான் ஆட்டுனேன். தன் பங்கையும் நமக்கே போட்டுட்டு, 'நான் இன்னைக்குச் சாப்பிடட்டுங்களா'ன்னு கேப்பாங்க. வலிக்குதோ இல்லையோ ஆட்டிருவேன். அப்பா சொன்னாத்தான் சாப்பிடுவாங்க."

நான் அவர் பாதத்தைப் பார்த்தேன்.

"ஒரே ஒரு தடவை நான் ஆட்டல" என்றார். "வலியும் இல்ல. அம்மா விரலை வைக்கவும் இல்ல. 'நீங்க அங்கதான் இருக்கீங்களா'ன்னு மட்டும் கேட்டாங்க. தானா அசைஞ்சுது." செருப்புக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். "ஆத்துல விட்டதுக்கப்புறமும் மேடு அப்படியேதான் இருந்துச்சு. அவரு போயிட்டாருன்னு நான் நம்பவேயில்ல. அதான் எங்கயும் வெறுங்காலை வைக்கிறதில்ல. கோயில்லகூட."

"அப்ப அம்மா ஆத்துல விட்டது யாரோட எலும்பு, அண்ணே?"

நான் அன்று மூடிய அதே எலும்பாகவும் இருக்கலாம். பெயர் இல்லாத அந்த மேடுகளில் ஒருவருடையதாகவும் இருக்கலாம். யாருடையதாக இருந்தாலும் அதற்காகக் கும்பிட்டு அழுதவள் ஒருத்தி இருந்தாள்.

போன வாரம் மகளின் பள்ளிக்கூடப் பந்தயம். அதே ஃபேரர் பார்க் திடல். அண்ணனை நான் கூப்பிடவில்லை. போய்ப் பார்த்தால் வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். வெயில் நேர் மேலே. துப்பாக்கி வெடித்தது. மகள் முதல் வளைவில் மூன்றாவதாக இருந்தாள். இரண்டாவது வளைவில் எங்களைத் தாண்டிப் போனாள். காலடிச் சத்தமே கேட்கவில்லை. பக்கத்தில் ஓடுகிற பெண்கள் மூச்சு வாங்குவதுதான் கேட்டது.

அண்ணன் குனிந்தார். இடது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வெளுத்துப்போன அந்தப் பாதத்தைப் புல்லில் மெல்ல வைத்தார், தரை சுடுகிறதா என்று பார்க்கிறவர் மாதிரி. பிறகு முழு எடையையும் அதன் மேல் வைத்து நின்றார். எதையோ காது கொடுத்துக் கேட்பது போல இருந்தார். அவள் எத்தனையாவதாக வந்தாள் என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

"அப்பா ஒண்ணும் சொல்லலடா" என்றார்.

1981, மார்ச் 3, செவ்வாய்க்கிழமை.